மச்சான், இதுல மட்டும் கைய வைக்காத

சிதம்பரத்தில் நானும் அவனும் ஒன்றாக எம்.இ. படித்தோம். கடலூரில் பஸ் வந்து நின்றதும் ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு எனக்கும் சேர்த்து சீட் பிடிப்பான். அப்படிப்பட்டவன்.

2010இல் இருவரும் சேர்ந்து ஒரு டிரைவர் எழுதினோம்; போனுக்குள் இருக்கும் சிப்பை வேலை வாங்கும் புரோகிராம் அது. போனில் ரகசியமான விஷயங்களை வைக்கப் பூட்டிய மெமரி வேண்டும். அதைக் கேட்டு வாங்க ஒவ்வொரு சிப் கம்பெனியும் தனக்கென்று ஒரு வழி வைத்திருந்தது. எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத பொதுவழி ஒன்று வேண்டும் என்பது என் பிடிவாதம். டிசைன் முழுக்க நான் போட்டேன். டெஸ்டிங் அவன் பார்த்தான்.

அவனுக்கு வேகப் பைத்தியம். மெமரியைத் திருப்பித் தரும்முன் உள்ளே இருப்பதைத் துடைக்கும் வரியை, 'ஸ்லோ பண்ணுது' என்று இரண்டு தடவை எடுத்துவிட்டான். துடைக்காவிட்டால் அடுத்து அந்த மெமரியை வாங்கும் புரோகிராம் முந்தைய ரகசியத்தைப் படித்துவிடும். அதனால் அந்த வரிக்கு மேலேயே தமிழை ஆங்கில எழுத்தில் ஒரு குறிப்பாக அடித்து வைத்தேன்: "மச்சான், இதுல மட்டும் கைய வைக்காத."

படிப்பு முடிந்ததும் ஒரு சிப் கம்பெனியில் சேர்ந்தான். "மெயில் போடுறேன்டா" என்றவன் போடவே இல்லை. 2012இல் அந்தக் கம்பெனி வெளியிட்ட டிரைவரைத் திறந்து பார்த்தேன். நாங்கள் எழுதிய அதே புரோகிராம்தான். அதன் ஒவ்வொரு பகுதியின் பெயருக்கும் முன்னால் கம்பெனி பெயர். எழுதியவர் என்ற இடத்தில் அவன் பெயர் மட்டும். பொதுவழியாம், மண்ணாங்கட்டி!

கடைசிவரை படித்தேன். என் குறிப்பு அப்படியே இருந்தது. அதற்குக் கீழே இருந்த வரியைத்தான் காணோம்.