பாய்க்காரர்களும் மோட்டார்க்காரர்களும்

எங்கள் தொழிலில் இரண்டே சாதிதான்: பாய்க்காரர், மோட்டார்க்காரர். கலப்பு மணம் அநேகமாகக் கிடையாது.

தொழில் என்னவென்றால் படகு. மீன் பிடிக்கிற படகு இல்லை. வாரமெல்லாம் கடையிலும் ஆபீசிலும் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை ஆசைக்கு வாங்கி வைக்கிற சின்னப் படகு. சிலது துணிப்பாய் விரித்துக் காற்றில் போகும், சிலது மோட்டாரில். அதை விற்பது, பழுது பார்ப்பது, வாரம் முழுக்கப் பத்திரமாக நிறுத்தி வைப்பது, இவ்வளவும் எங்கள் வேலை. கடலோரத்தில் வைக்காமல் ஏன் திண்டிவனத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். கடலோரத்தில் இடம் கிடைக்காது. கிடைத்தாலும் உப்புக் காற்று இன்ஜினைத் தின்றுவிடும். அதனால் மரக்காணம் ரோட்டில் ஒரு பெரிய தகரக் கொட்டகை, வாசலில் ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் நான்; பெயர் ஸ்டெல்லா. உள்ளே மெக்கானிக் ஏழுமலை, பிரம்மதேசத்துக்காரர். நான் இதுவரை ஒரு படகிலும் ஏறியதில்லை. பஸ்ஸிலேயே எனக்குத் தலை சுற்றும்.

நீங்கள் துணிக்கடையில் நிற்பவரோ மருந்துக்கடையில் உட்காருபவரோ, வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்தே வயிறு வளர்ப்பவர் என்றால் என் பாடு உங்களுக்குப் புரியும். வருகிறவர் கேட்பது ஒன்று, வாங்குவது வேறு, வாங்கியதற்கான காரணம் இன்னொன்று. அந்தக் காரணம் தெரியவரும்போது நம் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியாது.

போர்டைப் பார்த்து வந்தவர்

'பாய், மோட்டார் விற்பனை, பழுது பார்க்கப்படும்' என்று எங்கள் போர்டில் எழுதியிருக்கும். கல்யாணச் சீருக்குக் கோரைப்பாய் கேட்டு வருகிறவர்களை நான் பஜாருக்கு அனுப்பி வைப்பேன். ஒரு பங்குனி வெயிலில் அனந்தபுரம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். திண்டிவனத்தில் அவர் வழக்கமாகப் போகிற கடை பூட்டியிருந்ததாம். சின்ன லோடு வண்டியிலிருந்து கிணற்று மோட்டாரை இறக்கி என் மேஜைக்கு முன்னால் வைத்துவிட்டார். "மல்லாட்டை காய் புடிக்கிற நேரம்மா. இன்னிக்கே ஓடணும்" என்றார். எங்கள் பக்கம் மல்லாட்டை என்றால் வேர்க்கடலை.

இது படகுக் கடை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஏழுமலை மோட்டாரைத் திறந்துவிட்டார். உள்ளே கம்பிச் சுருள் கருகிப் போயிருந்தது. "மோட்டார் மேல குத்தம் இல்லீங்க. கெணத்துல தண்ணி இல்லாம ஓடியிருக்குது" என்றார் ஏழுமலை. அந்த மனிதருக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்தும், மோட்டார்தான் கெட்டது என்று யாராவது சொல்லிவிடமாட்டார்களா என்று வந்திருக்கிறார். டீ கொடுத்தேன். குடித்துக்கொண்டே கொட்டகைக்குள் வரிசையாக நின்ற படகுகளை நெடுநேரம் பார்த்தார்.

"தண்ணியே இல்லாத ஊர்ல இத்தினி படகை வச்சிக்கினு நீங்க என்னாம்மா பண்றீங்க?" என்றார்.

ஒரு மணி நேரத்து முதலாளி

விழுப்புரத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சீனிவாசன், வந்த அன்றே, "இருக்கிறதுலயே வேகமான மோட்டார் எதும்மா?" என்று கேட்டார். இப்படிக் கேட்பவர்கள் வழக்கமாகக் கறுப்புக் கண்ணாடி போட்ட இளவட்டங்கள். இவருக்கு நரைத்த மீசை. கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் போன். படகு ஓட்டுகிறவர்கள் தண்ணீர் படக் கூடாதென்று போனை அப்படிப் போட்டுக்கொள்வார்கள். இவர் கடைக்கு வரும்போதே போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

அவருடைய மனைவி படுத்த படுக்கையாக இருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஞாயிறு காலையில் மைத்துனி வந்து பார்த்துக்கொள்வார். அந்த இடைவெளியில் இவர் மரக்காணம் கழிமுகத்துக்கு ஓடிப்போய், ஒரே ஒரு மணி நேரம் படகு ஓட்டுவார்; வீட்டிலிருந்து போன் அடித்தால் பாதியிலேயே திரும்பிவிடுவார். ஏழுமலை அவருக்காகவே இன்ஜினை முதல் நாளே தயாராக வைப்பார். ஒரே இழுப்பில் கிளம்ப வேண்டும் என்பது அவருடைய ஒரே கட்டளை.

நடுவில் பல மாதங்கள் அவர் வரவில்லை. ஒரு நாள் வந்தார். மோட்டார் படகை எடுத்துக்கொண்டு பாய்ப் படகு ஒன்று கொடுக்க முடியுமா என்று கேட்டார். கழுத்தில் அந்த உறை இல்லை. நான் சாதாரணமாக, "பாய்னா ரொம்ப மெதுவா போகுங்களே, காத்து இல்லேன்னா அங்கேயே நிக்கணுமே சார்" என்று தொழில் முறைப்படி எச்சரித்தேன்.

"நிக்கட்டும்மா. ஜல்தியா திரும்பி இனிமே யார்கிட்ட போகப்போறேன்?" என்றார்.

பாய்க்கு மோட்டார், டாக்டருக்குப் பாய்

எங்கள் கொட்டகையில் பக்கத்துப் பக்கத்து இடத்தில் இருந்தவை இரண்டு படகுகள். ஒன்று விழுப்புரம் பல் டாக்டர் கருணாகரனுடைய பாய்ப் படகு. இன்னொன்று திண்டிவனத்தில் டயர் கடை வைத்திருக்கும் ஜாபர் பாயின் மோட்டார் படகு. ஞாயிறு விடிந்ததும் இருவரும் ஆளுக்கொரு வண்டியில் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு கிளம்புவார்கள். கிளம்புவதற்கு முன் என் மேஜைக்கு முன்னால் ஒரு சண்டை கட்டாயம் உண்டு. அந்தச் சண்டைக்காகத்தான் இரண்டு பேரும் படகே வைத்திருக்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

"பேருலயே பாய் வச்சிக்கினு மோட்டார்ல போற ஒரே ஆளு நீதான்யா" என்று டாக்டர் ஆரம்பிப்பார். "பல்லு புடுங்கறதுக்கு மட்டும் மெஷினு வேணும், படகுக்கு வேணாமா?" என்பார் ஜாபர் பாய். வாரமெல்லாம் காதுக்குள் மெஷின் சத்தத்தோடு இருப்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமையாவது தண்ணீர் சத்தம் கேட்க வேண்டாமா என்பது டாக்டருடைய கட்சி. டயர் கடையில் உட்கார்ந்தே கால் மரத்துப் போனவனுக்குக் கொஞ்சம் பறக்க வேண்டாமா என்பது பாயுடைய கட்சி. டாக்டர் கெட்டிக்காரர், ஆனால் பிடிவாதம். ஆத்திர அவசரத்துக்குப் பின்னால் ஒரு சின்ன மோட்டார் மாட்டிக்கொள்ளுங்கள் என்று ஏழுமலை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஜாபர் பாய் ஒருமுறை கிண்டலை விட்டுவிட்டு நிஜமாகவே கேட்டார்: "நடுத் தண்ணியில காத்து நின்னுபோச்சுன்னா என்னா பண்ணுவீங்க டாக்டர்?"

"அது நின்னா நானும் நிக்கிறேன்யா, உனக்கென்ன பேஜாரு?" என்றார் டாக்டர்.

காற்று விழுந்த காலை

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் மற்றதெல்லாம் எழுதியும் பிரயோஜனமில்லை.

அந்த ஞாயிறும் சண்டை போட்டுவிட்டுத்தான் போனார்கள். கழிமுகத்தில் காலையிலேயே காற்று விழுந்துவிட்டது. டாக்டருடைய படகு நடுவில் அப்படியே நின்றது. பாய் துவண்டு தொங்கியது. அப்படி நிற்பது அவருக்குப் புதிதில்லை. ஜாபர் பாய் தன் படகில் அந்தப் பக்கமாகப் போகும்போது, கயிறு கட்டி இழுக்கட்டுமா என்று சைகை காட்டினார். டாக்டர் கையை ஆட்டினார். வழக்கமும் அதுதான், மோட்டார் இழுத்துக் கரை சேருவதை அவர் மானப் பிரச்சினையாக நினைப்பார். பாய் சிரித்துக்கொண்டே அவரை ஒரு சுற்று சுற்றிவிட்டு வேகமாக முகத்துவாரம் பக்கம் போய்விட்டார். திரும்பி வந்தபோது டாக்டர் சுக்கான் கட்டையில் தலை சாய்த்துக் கிடந்தார். பாய் அவரைத் தன் படகில் தூக்கிப் போட்டுக்கொண்டு, இன்ஜின் எவ்வளவு தாங்குமோ அவ்வளவும் முறுக்கிக் கரைக்குக் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியில், வரும்போதே உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மாரடைப்பு.

மறுநாள் சாயங்காலம் ஜாபர் பாய் கொட்டகைக்கு வந்தார். சட்டை மாற்றியிருந்தார், செருப்பு இல்லை. டாக்டருடைய படகு நிற்கிற இடத்தைப் பார்க்காமல் என் மேஜையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏழுமலை நாற்காலி போட்டும் உட்காரவில்லை. "எதனா பேசினாரா கடைசியா?" என்று ஏழுமலைதான் கேட்டார். நான் கேட்டிருக்க மாட்டேன்.

"கத்தினாரோ என்னமோ, என் இன்ஜின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. கைய மட்டும் ஆட்டினாரு ஏழுமல. வேணாம்னுதான் ஆட்டுறாருன்னு நெனச்சிக்கினு போயிட்டேன்" என்றார்.

மத்தியானச் சாப்பாடு

டாக்டருடைய மனைவி பத்மாம்மா காரியமெல்லாம் முடிந்தபின் பஸ்ஸில் வந்து இறங்கினார். படகை விற்றுக் கொடுக்கச் சொன்னார். அதைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். படகுப் பாயை ஏழுமலை நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, மடித்து உள்ளே வைத்திருந்தார். பத்மாம்மா அதைத் தொடவில்லை. படகைப் பார்த்து, "இவ்ளோ சின்னதா?" என்று மட்டும் கேட்டார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையாம்.

ஜாபர் பாய் உங்களிடம் முகம் காட்டப் பயப்படுகிறார் என்று சொல்லலாமா வேண்டாமா என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். பத்மாம்மாவே ஆரம்பித்தார். "அந்த பாயை வீட்டுக்கு வரச் சொல்லும்மா. அவரு மேல எனக்கு என்ன கோபம்? நானே எத்தனை தடவை கெஞ்சியிருக்கேன், மோட்டாரு வாங்கித் தொலைங்களேன், நேரத்துக்கு வீடு வந்து சேரலாமேன்னு. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துடறேன்னு சொல்லிட்டுத்தான் போவாரு. காத்து இல்ல, காத்து எதிர்த்துச்சு, ஏதாவது ஒரு சாக்கு. கொழம்பு ஆறிப்போகும். நான் தனியா சாப்பிட்டுட்டுப் படுத்துருவேன்."

ஏழுமலை கொண்டுவந்த டீயைக் குடிக்காமல் படகின் விளிம்பில் வைத்தார்.

"அன்னிக்கு ஒரு நாள்தாம்மா சமையல் முடியறதுக்கு முன்னாடியே வந்துட்டாரு" என்றார்.

புதுசாக வந்த ஜோடி

டாக்டருடைய படகைப் பார்க்கப் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். இரண்டு பேரும் பேங்க் உத்தியோகம். கணவனுக்குப் பாய்ப் படகு என்றால் உயிர்; சத்தமில்லை, புகையில்லை, நாமும் காற்றும் மட்டும் என்று கண் விரியப் பேசினார். டாக்டரே வாலிப வயதில் வந்து நின்றதுபோல இருந்தது எனக்கு. அந்தப் பெண் மட்டும் மெல்ல, "பின்னாடி ஒரு சின்ன மோட்டார் மாட்ட முடியுமாங்க?" என்று கேட்டாள். "மோட்டார் மாட்டினா அப்புறம் அது பாய்ப் படகு ஆகுமா?" என்று அவர் சிரித்தார். நான் வழக்கமாக இந்த இடத்தில் வாடிக்கையாளர் பக்கம் சாய்ந்து சிரித்துவைப்பேன். அன்று முடியவில்லை.

ஜாபர் பாய் அப்போது உள்ளே இருந்தார். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அவர் தன் படகைத் தண்ணீரில் இறக்கவே இல்லை. வாரம் தவறாமல் வருவார், ஏழுமலை இன்ஜினை ஓடவிடுவதைத் தள்ளி நின்று பார்ப்பார், போய்விடுவார். பத்மாம்மா கூப்பிட்டனுப்பியும் அந்த வீட்டுக்குப் போகவில்லை. இவர்கள் பேசுவதைக் கேட்டு வெளியே வந்தார். யார், என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. படகுக்காரர் இறந்துபோனார் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியும்.

"மோட்டாரு வேணாம்னா வேணாம் சார், அது உங்க இஷ்டம்" என்றார் பாய். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். ஏழுமலை கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"மொதோ தபா தண்ணியில எறக்கறப்ப எனக்கு ஒரு போன் போடுங்க, நானும் என் படகை எடுத்துக்கினு வர்றேன். இன்ஜினை நிறுத்திட்டு உங்க பக்கத்துலயே நிக்கிறேன்" என்றார் ஜாபர் பாய்.

பாய் நல்லதா மோட்டார் நல்லதா என்று இன்றைக்கும் யாராவது வந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். எதை வாங்கினாலும் சரி, அடுத்த வாரமே முழுசாகத் திரும்பி வந்து அது சரியில்லை இது சரியில்லை என்று என் பிராணனை வாங்குகிறாரே, அவரைப்போல நல்ல வாடிக்கையாளர் இல்லை என்பதற்கு மேல் இந்தத் தொழிலில் நான் எதையும் கற்றுக்கொள்ளவில்லை.