மாதா பங்கு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ரகம் நான். மைசூரில் இருபத்தெட்டு வருஷம் நர்ஸாக வேலை பார்த்தவள். பிணவறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு இட்லி தின்றவள். அதனால் பயந்துபோய் உளறுகிறேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். சிரிக்கிறதென்றால் முழுசையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் எங்கள் வீட்டில் கல்கல் பொரிப்போம், மாவை முள்கரண்டி முதுகில் அழுத்திச் சுருட்டி எண்ணெயில் போடுகிற பலகாரம். முதல் ஈடு யார் வாய்க்கும் போகாது. ஒரு தட்டில் எடுத்துப் பின்வாசல் படியில் வைத்துவிட வேண்டும், அதற்குப் பெயர் மாதா பங்கு. ஏன் பின்வாசல் என்று கேட்டால், "சத்திரத்துல எடம் இல்லன்னு தொரத்துனாங்கல்ல, மாதா பின்வாசல் வழியாதான் வருவா" என்பார் அப்பா. தொண்ணூறுகளின் நடுவில் எனக்குக் குடும்ப வரலாறு எழுதுகிற கிறுக்கு பிடித்திருந்தது. தெரிந்த கிறிஸ்தவ வீடுகளில் எல்லாம் விசாரித்தேன், இப்படி ஒரு வழக்கம் யாருக்குமே இல்லை.

அந்த வருஷம் வீட்டில் பண்டிகைக் களையே இல்லை. அக்கா ஸ்டெல்லா ஹனூர்க்காரர் ஒருவரை, இந்துப் பையனை, காதலித்துக் கட்டிக்கொண்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. "இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்று அப்பா சொன்னது சொன்னதுதான். பண்டிகைக்கு வரட்டுமா என்று அக்கா எழுதிய கடிதத்தைக் கல்கல் பொரிக்கிற அன்று காலையில்தான் கிழித்துப் போட்டார். அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே பொரித்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை, அக்கா இல்லாமல் என்ன கிறிஸ்துமஸ் வேண்டிக்கிடக்கிறது?

மத்தியானம் மூன்று மணி, சுள்ளென்று வெயில். தட்டோடு பின்கதவைத் திறந்தால் படியில் ஒருத்தி நிற்கிறாள். நாற்பது வயசிருக்கும். ரவிக்கை இல்லாத சிவப்புச் சேலை, நெற்றி நிறைய விபூதி, கொண்டையில் செருகிய மரச்சீப்பு.

"யாரும்மா? என்ன வேணும்?"

"எம்பட பங்கு கண்ணு. மாதா பங்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்கதான் மாதாவா?"

"ஆமாங் கண்ணு, மாதம்மா. இந்த ஊட்டுப் பொண்ணுதான்."

"அப்போ முன்னால வரதுதானே?"

"முன்வாசல்ல வரப்படாதுன்னு எங்கப்பன் சொல்லிப்போட்டாரு." கொஞ்சம் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். "உங்கக்காளையாவது முன்னால கூப்பிடு கண்ணு."

அக்கா விஷயம் இவளுக்கு யார் சொன்னது? அம்மாவைக் கூப்பிடத் தலையைத் திருப்பினேன், அவ்வளவுதான். மறுபடி பார்த்தால் படியில் ஆள் இல்லை. பின்பக்கம் ஆளுயர மதில், வெளியே போக முன்கேட்டை விட்டால் வேறு வழி கிடையாது. அங்கே அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், யாருமே போகவில்லை என்று சத்தியம் செய்தார். நடந்ததைச் சொன்னேன். "சும்னிரு. டூட்டி பாத்துப் பாத்து ஒனக்கு மூள கொழம்பிடுச்சு" என்று கன்னடம் கலந்து அதட்டினார்.

விடுவேனா? அந்த வாரமே அவரையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கொள்ளேகால் தாண்டி ராமாபுரம் பக்கத்தில்தான் எங்கள் கொள்ளுத்தாத்தா வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவரானது. அங்கிருந்த பங்குச் சாமியார் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார். கொள்ளுத்தாத்தா பெயர், அவர் மனைவி பெயர், இரண்டு பையன்கள். கீழே பொடி எழுத்தில் ஒரு வரி. மூத்த மகள் மாதம்மா, மாதேஸ்வர சாமியை விட மனமில்லாமல் வரவில்லை. தகப்பன் வீட்டில் சேர்க்கவில்லை.

எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. பெற்ற மனசு கேட்குமா? மகளுடைய பங்கைத் தாய்க்காரி பின்வாசலில் எடுத்து வைத்திருப்பாள். யாருக்கு என்று புருஷன் கேட்டிருப்பான். மாதாவுக்கு என்று சொல்லியிருப்பாள், பொய்யும் இல்லை பாருங்கள். அதை நாங்கள் இத்தனை தலைமுறையாகத் தேவமாதா என்றே நம்பிக்கொண்டிருந்தோம்.

அந்த வரியின் மேல் விரலை வைத்த அப்பா எடுக்கவே இல்லை. வெளியே வந்ததும், தெரிந்த ஊரையே தெரியாதவர் மாதிரி, "இங்கேருந்து ஹனூர் எவ்ளோ தூரம் ரோசி?" என்றார். அன்றைக்கே போய் அக்காவைக் கூப்பிட்டோம்.

புத்தாண்டன்று அக்கா வந்தாள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காததால் தனியாகத்தான் வந்தாள். அப்பாவே முன்வாசலுக்குப் போய் நின்று அவளைக் கையைப் பிடித்து உள்ளே விட்டார். விட்டவர் அப்படியே ஒதுங்கி வழிவிட்டு நின்று, வெளியே பார்த்து, "நீங்களும் வாங்கம்மா, உள்ள வாங்க" என்றார். நம்பினால் நம்புங்கள், வாசலில் ஒரு ஈ காக்கை இல்லை. அக்கா என்னைப் பார்க்கிறாள், நான் அக்காவைப் பார்க்கிறேன்.

சாப்பாடு முடிந்தபிறகு மெதுவாகக் கேட்டேன், வாசலில் யாரைக் கூப்பிட்டீர்கள் என்று.

"ஸ்டெல்லா பின்னாடியே ஒரு அம்மா வந்தாங்கல்ல? செவப்புச் சேலை கட்டிட்டு. கொண்டையில மரச்சீப்பு கூட சொருகியிருந்தாங்களே."

சேலையைப் பற்றி அன்றைக்கு நானே சொல்லியிருக்கலாம், நினைவில்லை. சீப்பைப் பற்றி மட்டும் நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. இப்போது உங்களிடம்தான் சொல்கிறேன்.