குடம் மாறிய நாற்பத்து நாலு விதம்

என் அக்கா தாட்சாயிணி பி.எஸ்சி. கணக்கு படித்தாள். வெள்ளானூரில் எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண். நான் ஒன்பதாம் வகுப்பை இரண்டு தடவை பார்த்துவிட்டு ஆவடியில் சைக்கிள் கடைக்குப் போய்விட்டேன். ஆக, வீட்டின் சராசரி சரியாகத்தான் இருந்தது.

தொண்ணூற்று மூன்றில் அவளுக்கு மூன்றாம் வருஷம். வானியல், டிஸ்கிரீட் மேத்ஸ் இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டும். வகுப்பே வானியல் பக்கம் போனது. காரணம் நட்சத்திரம் இல்லை. சீனியர்கள் கைமாற்றிக் கொடுக்கும் நோட்டு. டிஸ்கிரீட்டுக்கு நோட்டே கிடையாது. வானியல் நோட்டு வாங்க அக்காவுக்குத் தெரிந்த சீனியரும் கிடையாது. எப்படியும் நோட்டு இல்லை, கம்ப்யூட்டர் படிப்புக்காவது உதவட்டும் என்று டிஸ்கிரீட்டை எடுத்தாள். மொத்தம் நாலு பேர்.

கேன்டீன் வேலையிலிருந்து வந்த நைனா ஒரே பேச்சாகச் சொன்னார்: "எல்லாத்துலயும் பாஸானா மேல படி. ஒண்ணு போச்சுனா பூந்தமல்லி மாப்ளைக்கு சரின்னு சொல்லிடுவேன்." மாப்பிள்ளை பஸ் கண்டக்டர்.

பாடம் எடுத்தவர் புத்தகத்தை வாசித்துவிட்டுப் போய்விடுவார். அக்கா எதை எத்தனை விதமாக அடுக்கலாம் என்கிற ஒரு அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டு பத்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதனால் இல்லை, சும்மா வேடிக்கைக்குத்தான், தண்ணி லாரிக்கு வரிசையில் வைத்திருந்த முதல் ஐந்து குடங்களை ஒருநாள் காலையில் இடம் மாற்றி வைத்தேன். யார் குடம் முதல் என்று கெங்கம்மாளும் குப்பம்மாவும் ஒருவர் தலைமுடியை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். லாரி வரவில்லை, அது வழக்கம்தான். எல்லோரும் உள்ளே போனதும் அக்கா வந்தாள். அடி விழும் என்று நின்றேன்.

"ஒண்ணுகூட அதும் எடத்துல இல்லியேடா."

"அதான்க்கா தமாசு."

"இதே மாரி இன்னும் எத்தினி விதமா வெக்கலாம்?"

"எனுக்கு இன்னா தெரியும்? நீதான காலேஜி."

உச்சி வெயிலில் என்னை மாற்றி மாற்றி வைக்கச் சொல்லி, நோட்டில் பென்சிலால் குடம் குடமாக வரைந்தாள். நாற்பத்து நாலு. அதற்கு மேல் வரவில்லை. அன்றைக்கு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

பரீட்சையில் ஐந்து கடிதம், ஐந்து உறை, எதுவும் அதனதன் உறைக்குள் போகக்கூடாது என்று கேட்டிருந்தார்களாம். குடம் என்று நினைத்துக்கொண்டு எழுதினாளாம். எண்பத்து மூன்று மார்க். நாலு பேரில் முதல் என்றாலும் முதல் முதல்தான். மற்ற பாடங்களிலும் பாஸ்.

நைனாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பூந்தமல்லி மாப்பிள்ளை வீடு வரை போய்ச் சொன்னார். பட்டம் வாங்கின பெண்ணா, இன்னும் நல்லது, தேதி குறியுங்கள் என்றார்கள். குறித்துக்கொண்டு வந்தார்.

"நீ சொன்னியே நைனா" என்று அக்கா ஒரே ஒரு தடவை கேட்டாள். அவர் குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.

கல்யாணமாகிக் கிளம்பும்போது அந்த நோட்டை என் கையில் கொடுத்தாள். "ஜூனியர் பொண்ணு யார்னா வந்து கேட்டா குடு."

இரண்டு வருஷமாகிறது. இந்த வருஷமும் எல்லோரும் வானியல்தானாம். நோட்டுக்குக் காக்கி அட்டை போட்டு வைத்திருக்கிறேன். அன்றைக்கு ஒரு குடத்துக்கு அவளுக்குத் தெரியாமல் மீசை வரைந்திருந்தேன். யாராவது வந்தால் சரியாக இருக்கட்டும் என்று அதை ரப்பரால் அழித்துவிட்டேன்.