நான் சத்தம் போடாத நாள்

கஞ்சிக்கோட்டில் பழைய இரும்பை உருக்கும் ஓர் ஆலையில் நான் ஷிப்ட் மேஸ்திரி. அங்கே யாரிடம் என்னைப் பற்றிக் கேட்டாலும் முதலில் என் வாயைத்தான் சொல்வார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தால் கத்துவேன், கெட்ட வார்த்தையும் கூடவே வரும். அதற்காக வெட்கப்பட்டதில்லை. உலை ஓடும் இரைச்சலில், அதன் மேடையில் மெதுவாகப் பேசுகிறவனும் ஊமையும் ஒன்றுதான்.

அந்தக் கத்தலுக்கு ஒரு வேலையும் இருந்தது. மழைக்காலத்தில் யார்டில் கிடக்கும் இரும்பு நனைந்துவிடும். நனைந்த இரும்பை உருகிய குழம்பில் போட்டால், ஒரு நொடியில் தண்ணீர் ஆவியாகிக் குழம்பை மேலே தூக்கி எறியும். அதனால் மேடைக்கு வரும் ஒவ்வொரு சுமையையும் நான் பார்ப்பேன். ஈரம் தெரிந்தால் போதும், "எறக்குடா!" என்று கூரைத் தகரம் அதிரக் கத்துவேன். ஒடிசாக்காரன், மலையாளி, எங்கள் ஊர்க்காரன் எல்லோருக்கும் அது புரியும். நான் கத்தினால் இறக்குவார்கள். கத்தாவிட்டால் காய்ந்த இரும்பு என்று உள்ளே போடுவார்கள். அப்படி ஒரு விதியை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

போன வருடம் ஆலையில் தியானம் ஆரம்பித்தார்கள். காலை ஷிப்டுக்கு முன்னால் கேண்டீன் பெஞ்சுகளில் பத்து நிமிடம் கண்ணை மூடி உட்கார வேண்டும். டவுனிலிருந்து ஓர் அம்மா வந்து மலையாளத்தில் சொல்லிக்கொடுத்தார். கோபம் வரும்போது அதோடு போகாதீர்கள், தள்ளி நின்று பாருங்கள், தானே இறங்கிவிடும் என்றார். முதல் வாரம் நான் கிண்டல்தான் செய்தேன். இரண்டாம் வாரம் குறட்டை விட்டேன். ஒரு மாதத்தில் எனக்கே ஆச்சரியம், அது வேலை செய்தது. தலைவலி போனது. பிரஷர் இறங்கியது. படுத்ததும் தூங்கினேன்.

"ஏனுங்க, ஊட்டுக்கு ஆரோ புதுசா வந்து தங்கியிருக்கற மாதர இருக்குதுங்க" என்றாள் என் மனைவி. அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

உலையின் வாயருகே நின்று இரும்பை உள்ளே போடுகிறவன் ஒருவன் இருந்தான். அவனும் என்னைப் போல எலப்புள்ளிக்காரன். பதினொரு வருடமாக ஒரே பைக்கில்தான் போய் வந்தோம். அவனுக்கு மட்டும் என் மாற்றம் பிடிக்கவில்லை. "சாமியாராப் போயறாதீங்கண்ணா. மேடையில கத்தறதுக்கு ஆரு இருக்கறாங்க?" என்று வண்டியின் பின்னால் உட்கார்ந்து சிரிப்பான். நானும் சிரிப்பேன்.

அன்று விடியும்வரை மழை. தியானம் முடிந்து மேடைக்குப் போனபோது முதல் சுமை ஏறி வந்துவிட்டிருந்தது. அடியிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தேன். சரக்கை மூடும் தார்ப்பாய் கிழிந்திருக்கிறது, மாற்று என்று யார்டுக்காரனிடம் முந்தின நாளே சொல்லியிருந்தேன். அவன் மாற்றவில்லை. கோபம் வயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டைவரை வந்தது. நான் தள்ளி நின்று பார்த்தேன். மூச்சை இழுத்து விட்டேன். அது இறங்கியது. எனக்குப் பெருமையாக இருந்தது. இதை மறைத்து எழுதினால் மற்றதை எழுதுவதில் பொருளில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

மேடையிலிருந்து இறங்கி யார்டுக்காரனிடம் போனேன். அவன் தோளில் கை வைத்து, "தம்பி, சரக்கு ஈரமா இருக்குது. இதத் திருப்பி எடுத்துட்டு வேற அனுப்பு" என்றேன். திட்டு வாங்கத் தயாராக நின்றவன் என் முகத்தையே பார்த்தான். பிறகு தலையாட்டினான். எல்லாம் சரியாகச் செய்துவிட்டேன் என்றே நினைத்தேன். இருபதடி பின்னால் மேடையில் இருந்தவர்களுக்கு நான் இறங்கிப் போனது தெரியும். சத்தம்தான் கேட்கவில்லை.

வெடித்தது. திரும்பிப் பார்த்தபோது கூரைவரை தீப்பொறி. மேடைப் படிக்கட்டின் கீழே, என்னோடு பைக்கில் வருகிறவன் முகத்தைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தான். அலறவில்லை. அப்போதுதான் நான் கத்தினேன். யாருக்கும் பயன்படாத கத்தல்.

விசாரணையில் எல்லாவற்றையும் சொன்னேன். ஈரத்தைப் பார்த்தேன், மேடையில் சொல்லவில்லை என்றேன். மேஸ்திரி யார்டில் முறையாக அறிவித்துவிட்டார், விபத்துக்குக் காரணம் தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டார்கள். கவனம் வளர வேண்டுமாம். தியானத்தைப் பத்து நிமிடத்திலிருந்து கால் மணி நேரம் ஆக்கினார்கள். அதனால் அதிகப் பயனடைந்தவன் நான் என்று நடத்தும் பொறுப்பையும் என்னிடம் கொடுத்தார்கள். சரி என்றேன். மறுப்பதற்குக்கூட எனக்குக் கோபம் வரவில்லை.

அவனுக்கு ஒரு கண் போய்விட்டது. இன்னொன்றைப் பற்றி டாக்டர் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு, கட்டு மாற்ற ஒரு நர்ஸ் வருவார். ஒட்டிய துணியைப் பிரிக்கும்போது அவன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வான். ஒருநாள் நான் போயிருந்தபோது, "அந்த மூச்சுச் சமாச்சாரத்தச் சொல்லுங்கண்ணா, பாக்கலாம்" என்றான்.

சொன்னேன். வலியைத் தள்ளி நின்று பார், இழு, மெதுவாக விடு என்று கேண்டீனில் சொல்வதையே சொன்னேன். அவன் விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சட்டத்தை விட்டன. இவ்வளவு அமைதியாக அவன் என்றைக்கும் இருந்ததில்லை என்றார் நர்ஸ். அது பொய்யான வித்தை இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் கஷ்டம்.

நர்ஸ் போன பிறகு, கட்டுப்போட்ட முகத்தை நான் இருக்கும் பக்கம் திருப்பினான்.

"அன்னிக்கு சரக்கு மேல எனக்கும் சந்தேகந்தானுங்கண்ணா. உங்க சத்தத்துக்குத்தான் காத்துட்டு நின்னேன். கேக்குலீங்க. சரி, காஞ்சதுதான்னு போட்டுட்டேன்."

அவன் குரலில் குற்றச்சாட்டு இல்லை. நடந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். எனக்கு என் மேலேயே கோபம் பொங்கி வந்தது. வயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டைவரை வந்து நின்றது. கத்த வேண்டும், அழ வேண்டும், அவன் காலைப் பிடிக்க வேண்டும் என்று இருந்தது. ஆனால் மூச்சு தானாகவே நீளமாக உள்ளே போய் மெதுவாக வெளியே வந்தது. கோபம் இறங்கிவிட்டது. அவன் பக்கத்தில் நான் அமைதியாக உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணா, இருக்கறீங்களா?" என்று அவன் கையால் துழாவினான்.