கண்ணை மூடிக்கோ, வலிக்காது

எனக்கு முயலைக் கண்டால் ஆகாது. எங்கள் குரல்பதிவு நிலையத்தில் கார்ட்டூன் முயலுக்குக் குரல் கொடுப்பவனைச் சொல்கிறேன். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுதால் ஜன்னலைச் சாத்துகிற ஆள். அவன் வாயைத் திறந்தால் ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் சிரிக்கின்றன. நான் பதினெட்டு வருடமாக வில்லன்களுக்குக் குரல் கொடுக்கிறேன். தொண்டை புண்ணானதுதான் மிச்சம். என் ஏழு வயது மகளே பல் துலக்கும்போது அவன் குரலில்தான் பேசுவாள். எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஒரே ஒரு விஷயத்தில் நான் அவனை ஜெயித்திருந்தேன். மனைவி ஆஸ்பத்திரி வேலைக்கு விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவதால், மகளுக்குத் தலை வாரிவிடுவது நான்தான். இடுப்பு வரை சுருட்டை முடி. சிக்கு வரும்போது, "கண்ண மூடிக்கோ தங்கம், வலிக்காது" என்பேன். உடனே மூடிக்கொள்வாள். அந்தக் குரலில் நான் வேறு யாரிடமும் பேசியதில்லை.

அன்று ஒரு தொடருக்கு வசனம் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு கிழவரை நாற்காலியில் கட்டிப்போட்டு, வில்லன் சுத்தியலை ஓங்குகிற காட்சி. ஆறு முறை பேசியும் இயக்குநருக்குத் திருப்தி இல்லை.

"கத்தாதீங்க. பாசமா சொல்லுங்க, அப்பதான் பாக்கிறவனுக்குக் குலை நடுங்கும்" என்றார். பிறகு, "முயல வச்சுப் பாக்கலாமா?" என்று கேட்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முயல் காலாட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. வசனத்தாளைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னேன்: "கண்ண மூடிக்கோ தங்கம், வலிக்காது."

இயக்குநர் எழுந்து நின்று கை தட்டினார். "எங்கேருந்துடா எடுத்த இத?" என்றான் முயல். அவன் முகம் விழுந்ததைப் பார்த்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எங்கிருந்து எடுத்தேன் என்று அப்போது யோசிக்கவே இல்லை.

எங்கள் வீட்டில் அந்தத் தொடரை வைக்க விடமாட்டேன். ஆனால் பள்ளி விட்டதும் மகள் மேல்வீட்டு அத்தையிடம் இருப்பாள். அங்கே டிவி ஓயாது. இரண்டு வாரம் கழித்து ஒரு காலை, நான் சீப்பை எடுத்ததும் மகள் குளியலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். வழக்கம்போல அந்த வசனத்தைச் சொன்னேன். இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு அலறினாள்.

நான்கு நாள் பரட்டைத் தலையோடு பள்ளிக்குப் போனாள். கடைசியில் அம்மாவிடம்தான் வாயைத் திறந்தாள்.

"அந்தச் சுத்தியல் மாமா, நம்ம அப்பா."

"அது வெறும் நடிப்புடி. அப்பா குரல் மட்டும்தான் குடுத்தாரு."

"தெரியும்மா. ஆனா அந்தத் தாத்தாவும் அப்பா சொன்னத நம்பித்தான் கண்ண மூடினாரு."

அடுத்த அறையில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

வெட்கத்தை விட்டு முயலிடம் போனேன். நடந்ததைக் கேட்டுவிட்டு, கிண்டல்கூடச் செய்யாமல் மறுநாள் காலை வீட்டுக்கு வந்தான். அவன் கிண்டல் செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கதவருகே நின்று அந்த முயல் குரலில் இரண்டு வார்த்தைதான் பேசினான். நான்கு நாளாகச் சிரிக்காத பிள்ளை ஓடிப்போய் அவன் முன்னால் உட்கார்ந்தது. சீப்பை எப்படிப் பிடிப்பது என்றே தெரியாமல், முதல் இழுப்பிலேயே அவளை "ஆ" என்று கத்தவைத்தான்.

"உனக்குத் தெரியல முயலு. அப்பா வாரட்டும்" என்றாள். எனக்கு உயிர் வந்தது. "ஆனா அப்பா பேசக் கூடாது. நீதான் பேசணும்."

அவன் கதை சொன்னான். நான் ஊமையாக வாரினேன். அவள் கைக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிடரிக்கு மேல் பெரிய சிக்கு ஒன்று வந்தது. நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டு சீப்பை நிறுத்தினேன்.

"இப்ப கண்ண மூடிக்கலாமா, முயலு?" என்று அவனிடம் கேட்டாள்.

அவன் ஒரு நொடி என்னைப் பார்த்தான். "மூடிக்கோ" என்றான்.

மூடிக்கொண்டாள்.