நைனாவுக்குக் கடலோரம் ஒரு வீடு

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். முதலில் ஓய்வு பெற்றவர் என் அப்பா. நான் படித்ததைச் சொந்தக்காரர்கள் எப்படியோ பொறுத்துக்கொண்டார்கள். அவர் ஓய்வு பெற்றதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் உலைக்கு எதிரே நின்றே வயதானவர். அவருடைய அப்பா ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இன்னொருவர் நிலத்தில் உழைத்து, ஒரு நடவுக் காலத்தில் வரப்பிலேயே விழுந்து போனார். வேலையும் உயிரும் ஒரே நாளில் முடிந்தன. அதற்கு முந்தியவர்களுக்கும் அப்படித்தான். உடம்பில் உயிர் இருக்கும்போதே வேலையை விட்டுவிட்டு ஒரு மனிதன் என்ன செய்வான் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

நாங்கள் குடியிருந்தது காண்ட்ராக்டருடைய லைன் வீடு. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. எங்கே போவது என்று நாங்கள் யோசிக்கும் முன்பே பெரியப்பா கிராமத்திலிருந்து பதிலோடு வந்துவிட்டார். தாத்தா உழைத்த நிலத்தின் நிலக்காரர் மகன் மாந்தோப்புக் காவலுக்கு ஆள் தேடுகிறாராம். தோப்புக்குள்ளேயே ஒரு கொட்டகை இருக்கிறது, கரண்டு இருக்கிறது, வாடகை கிடையாது. நம்ம ஆள் என்றால் நம்பி விடலாம் என்று அவரே சொல்லி அனுப்பினாராம்.

நைனா வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் குடும்பத்திடம் அவர் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. நிலக்காரர் மகனிடமிருந்து போன் வந்தால் நைனா எழுந்து நின்றுவிடுவார். ஆர்.கே.பேட்டை எங்கே, கும்மிடிப்பூண்டி எங்கே? இருந்தும் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலிருந்து, கையில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்க, எழுந்து நின்று "சரிங்க, சரிங்க" என்பார். இதைச் சின்ன வயதிலிருந்து பார்த்துப் பார்த்து எனக்கு எரிச்சல் மரத்துப் போயிருந்தது. தோப்பு என்றதும் மறுபடி எரிய ஆரம்பித்தது.

பழவேற்காடு என்றேன்.

காரணம் ஒரு துண்டு. பல வருஷங்களுக்கு முன் ஆலையில் எல்லோரும் வேன் பிடித்துப் பழவேற்காட்டுக்குப் போனார்கள். படகில் ஏறி முகத்துவாரம் வரை போய், வறுத்த மீன் தின்று, சாயங்காலம் திரும்பினார்கள். நைனா வந்ததும் தோளிலிருந்த துண்டை எடுத்து அம்மாவிடம் காட்டினார். அவர் மூக்கைச் சிந்தினால் எப்போதும் கருப்பாகத்தான் வரும். அன்று துண்டு வெள்ளையாக இருந்தது. "அங்க கரியே வர்ல" என்றார். அதற்குப் பிறகு கடலைப் பற்றி அவர் பேசியதில்லை. நான் மறக்கவில்லை.

பெரியப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். "காருல வந்து குந்திக்கினு கடலப் பாத்துக்கினு கீறதுக்கு உங்கப்பன் இன்னா பெரிய ஆபீசரா? இன்னாம்மே, நாலெழுத்து படிச்சதும் பீச்சாண்ட பங்களா கேக்குதா?"

கேட்கத்தான் செய்தது. பங்களா இல்லை, ஓட்டு வீடு போதும். இதுவரை நாங்கள் எங்கே இருக்க வேண்டும் என்பதை நாங்கள் முடிவு செய்ததே இல்லை. ஊரில் குடியிருப்பு எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்று நிலக்காரர்கள் முடிவு செய்தார்கள். இங்கே எந்த லைனில் எந்தக் கதவு என்று காண்ட்ராக்டர் முடிவு செய்தார். நான் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் தரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். கம்பெனி பஸ் பொன்னேரி வரை வரும். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு ஸ்கூட்டரில் போய்விடலாம். வேறு என்ன தடை?

அம்மாவுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது, தண்ணீர். லைன் வீடுகளில் வாழ்ந்த பெண்களுக்கு வீடு பார்ப்பது என்றால் ஜன்னலோ சுவரோ இல்லை. ஒரு கை துவரம்பருப்பை முந்தானையில் முடிந்துகொண்டு போவார்கள். அந்த வீட்டுத் தண்ணீரில் அது குழைந்தால் குடி போகலாம். முழித்துக்கொண்டே கிடந்தால் வேறு வீடு. நான் பரிசோதனைக் கூடத்தில் கருவிகளை வைத்து அளக்கும் உப்பையும் கடினத்தன்மையையும் அம்மா பருப்பை வைத்து அளந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் போனோம். பாலத்தின் மேல் சென்னைக் கார்கள் வரிசையாக நின்றன. படகுக்காரர்கள் பறவை காட்டுவதாகக் கூவிக்கொண்டிருந்தார்கள். வீட்டுத் தரகர் ஒருவரைப் போனில் பிடித்திருந்தேன். அவர் எங்களைப் பார்த்ததும் அம்மாவிடம், "சமைக்கத் தெரியும் இல்ல? ஞாயித்துக்கெழமதான் கூட்டம் ஜாஸ்தி" என்றார். விருந்தினர் விடுதிக்கு வேலை கேட்டு வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார்.

"வீடு பாக்க வந்தோம். நாங்க குடியிருக்க" என்றேன்.

அவர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. உப்பங்கழியைப் பார்த்த ஒரு வீட்டைத் திறந்து காட்டினார். எனக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. பின்வாசலில் நின்றால் தண்ணீர், அதற்கப்பால் சவுக்கு மரங்கள். நைனாவின் நாற்காலியை எங்கே போடுவது என்றுகூட நினைத்துவிட்டேன். அம்மா நேராக மோட்டாரிடம் போய்ப் பாட்டிலில் தண்ணீர் பிடித்தாள். கேன் தண்ணீர் வீட்டுக்கே வருமே என்று தரகர் சிரித்தார்.

பிறகு சொந்த ஊர் எது என்று கேட்டார். சொன்னேன். அந்தப் பக்கமெல்லாம் தனக்குத் தெரியும் என்றார். ஊரில் எந்தத் தெரு?

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். கல்லூரி விடுதியில் வந்தது, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தெரு என்று மழுப்பச் சிலர் எனக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். நான் மழுப்புவதில்லை. "காலனி" என்றேன், அவர் கண்ணைப் பார்த்து.

அவர் கண் செல்போனுக்குப் போனது. ஓனரிடம் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லிக் கதவைப் பூட்டினார்.

அம்மா அந்தப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தாள். வந்ததும் அந்தத் தண்ணீரில் பருப்பைப் போட்டு அடுப்பில் வைத்தாள். சாதம் வடித்தாள், மீன் கழுவினாள், குழம்பும் கொதித்து இறங்கியது. பருப்பு அப்போதும் கல் போலவே கிடந்தது. அது வேகாமல் கிடந்த நேரத்தில்தான் தரகர் கூப்பிட்டார். ஓனருடைய சொந்தக்காரர் யாரோ வெளிநாட்டிலிருந்து வருவதாக ஆரம்பித்தார். அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"உன் ஊட்டுத் தண்ணியில பருப்பு வேகலப்பா. எங்களுக்கு வேணாம். வேற யாருக்காவது குடு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான் கோபப்பட்டேன். அவர் எதற்காக மறுக்கிறார் என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்திருக்க வேண்டும், நேரில் போய்க் கேட்டிருக்க வேண்டும் என்று கத்தினேன். அம்மா கரண்டியைக் கழுவிக்கொண்டே, "உப்புத் தண்ணி ஊட்டுக்கு எதுக்குடி சண்ட? நல்ல ஊடா பாத்து சண்ட போடு" என்றாள்.

விஷயம் பெரியப்பா காதுக்குப் போய்விட்டது. நான் அப்பவே சொன்னேனே என்று போன் செய்தார். கடலோரம் காசுள்ளவன் ஓய்வெடுக்கிற இடம், நமக்குத் தோப்புதான் லாயக்கு என்றார். நைனா போனை வைத்தார். பிறகு, தோப்பில் நிழலாவது இருக்கும் என்று மெதுவாகச் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்குப் பிடிவாதம் ஏறியது. அடுத்த ஞாயிறும் போனேன். இந்த முறை தரகர் வேண்டாம். அம்மாவும் பருப்பும் நானும்.

கார்கள் நிற்கும் இடத்தைத் தாண்டி, மணல் மேட்டுப் பக்கம் ஒரு சந்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் விசாரித்தோம். அவருடைய வீட்டுக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீடே காலியாகத்தான் இருந்தது. மகன் எண்ணூரில் குடியேறிவிட்டானாம். அவரும் எங்களிடம் கேள்வி கேட்டார்.

"கருவாட்டு நாத்தம் ஒத்துக்குமா? அப்புறம் வந்துட்டு பேஜார் பண்ணக் கூடாது."

அவ்வளவுதான் கேட்டார். எந்த ஊர் என்று நானே சொன்னேன், எந்தத் தெரு என்றும் சேர்த்தே சொன்னேன். பின்னால் தெரிந்து முகம் மாறுவதைவிட இப்போதே மாறட்டும். அவர் ஒரு கருவாட்டைத் திருப்பிப் போட்டு, "சரி, மழ வந்தா இத வாரிப் போட ஒரு கை குடுப்பியா?" என்றார்.

அம்மா முடிச்சை அவிழ்த்தாள். அவருடைய அடுப்பிலேயே, மணற்கிணற்றுத் தண்ணீரில் பருப்பைப் போட்டோம். அந்த அக்கா அம்மாவை வினோதமாகப் பார்க்கவே இல்லை. தான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது தன் அம்மா இப்படித்தான் செய்ததாகச் சொன்னார். பேசிக்கொண்டிருக்கும்போதே பருப்பு மலர்ந்து கரைந்தது. அம்மா விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

ஆனால் குடிபோக வேண்டியவர் நைனா. வீட்டைப் பற்றிச் சொன்னோம். அவர் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. நிலக்காரர் மகன். மாங்காய் பிஞ்சு விட்டுவிட்டது, உடனே வந்து சேர வேண்டுமாம். சத்தமாகப் பேசுகிறவர், எங்களுக்கும் கேட்டது.

நைனாவின் கை நாற்காலிப் பிடியை அழுத்தியது. எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். பாதி எழுந்தார். நான் வாயைத் திறக்கப் போனேன், அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நைனா எங்கள் இருவரையும் பார்த்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"நான் வர்லீங்க" என்றார்.

 அந்தப் பக்கமிருந்து, எங்கே போகப் போகிறாய் என்ற கேள்வி வந்தது.

"பழவேற்காட்டுக்கு. கடலாண்ட."

"கடலாண்ட உனக்கு இன்னாய்யா வேல?"

"வேல எதுவும் இல்லீங்க" என்றார் நைனா, உட்கார்ந்தபடியே. "அதுக்குத்தான் போறேன்."