துறைமுக வாசலில் அக்காவின் கடை

எங்கள் பெற்றோருக்கு நாங்கள் நான்கு பிள்ளைகள். அக்கா இரண்டாவது, நான் நான்காவது. மற்ற இருவரும் முன்பே ஆண்டவரிடம் போய்விட்டதால் இதை எழுதும் பொறுப்பு என் மேல் விழுந்திருக்கிறது. நான்கு முறை எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன், இது ஐந்தாவது. எதையாவது விட்டிருந்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது சாத்தான்குளத்தில். அப்பா மிஷன் பள்ளி ஆசிரியர். ஒன்பது வயதில் அம்மை கண்டு அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் பார்வை போயிற்று. அம்மா ஒரு வருடம் அழுதார்கள். அப்பா அழாமல், பார்வையற்றோர் பள்ளி ஒன்றைத் தேடிப் பிடித்து விடுதியில் சேர்த்தார்கள். பத்தாம் வகுப்பு முடித்து, நாற்காலிக்குப் பிரம்பு பின்னவும் கற்றுக்கொண்டு அக்கா வீடு திரும்பினார்கள். மூன்று முறை கல்யாணப் பேச்சு வந்தது. மூன்று முறையும் அக்காவே வேண்டாம் என்றார்கள். "மாப்பிள்ளை பாக்குத நேரத்துல எனக்கு ஒரு கடை பாருங்கப்பா" என்று சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

எனக்குத் தூத்துக்குடியில் கணக்கு ஆசிரியர் வேலை கிடைத்தபோது அக்காவும் எங்களோடு வந்தார்கள். பார்வையற்றோருக்குச் சிறு வியாபாரப் பயிற்சி கொடுத்து, தேறியவர்களுக்குப் பெட்டிக்கடை வைக்க இடமும் உரிமமும் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டோம். பயிற்சி மூன்று மாதம். பன்னிரண்டு பேரில் அக்கா ஒருவர்தான் பெண். துறைமுக வாசலுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கினார்கள். ஆனால் அதிகாரி நேரில் வந்து, தனியாகக் கடை நடத்த முடிகிறதா என்று பார்த்த பிறகுதான் உரிமம்.

இங்கே என் தவறைச் சொல்ல வேண்டும். கடையில் ஐந்து தட்டுகள், அறுபத்திரண்டு வகைச் சரக்கு. அதிகாரி வருவதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. அக்கா ஆராதனைக்குப் போயிருந்த நேரத்தில் நான் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். கடை பார்க்க ஒழுங்காக இருக்க வேண்டுமே என்ற பதற்றம். சோப்போடு சோப்பு, பிஸ்கட்டோடு பிஸ்கட், பெரியது பின்னால், சிறியது முன்னால் என்று இரண்டு மணி நேரம் அடுக்கினேன். தூரத்தில் நின்று பார்த்துப் பெருமைப்பட்டும் கொண்டேன்.

மறுநாள் அதிகாரி வந்து குளியல் சோப்பு கேட்டார். அக்காவின் கைக்கு வந்தது மிக்சர் பொட்டலம். தீப்பெட்டி கேட்டார், ஊதுவத்தி வந்தது. சீப்புக்குப் பதில் மெழுகுவர்த்தி. மூன்றுக்கு மூன்றும் தப்பு. அதிகாரி பேனாவை மூடினார். அக்கா நான் நின்ற பக்கம் திரும்பினார்கள்.

"ஏலே, கடைக்குள்ள போனியா?"

"சும்மா அடுக்கி வச்சேன்க்கா."

"யாருல ஒன்ன அடுக்கச் சொன்னா? பள்ளிக்கூடத்துல பிள்ளையள அடுக்குதது போதாதா?"

சுமை தூக்குகிறவர்கள் ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள். அக்கா அதிகாரியிடம், "ஐயா, ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. நீங்க வாரதுக்குள்ள கடை என் கைக்கு வந்துரும்" என்றார்கள். நல்ல மனிதர், போனார். அக்கா மேல் தட்டிலிருந்து ஒவ்வொரு பொருளாகத் தொட்டுக்கொண்டு வந்தார்கள். எதையும் பழைய இடத்துக்கு மாற்றவில்லை. நான் கலைத்தபடியே மனப்பாடம் செய்துவிட்டார்கள். திரும்பி வந்த அதிகாரி ஒன்பது பொருள் கேட்டார். ஒன்பதும் சரி. அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

சில வருடங்கள் கழித்து அக்காவையே பயிற்சி கொடுக்க அழைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் பயிற்சி முடியும் நாளில் எனக்கு ஆள் வரும். நான் போய் அவர்களுடைய தட்டுகளைக் கலைக்க வேண்டும். அதற்குத் 'தம்பி பரீட்சை' என்று பெயரே வைத்துவிட்டார்கள். "கண்ணுள்ளவன் நல்லது செய்யுதேன்னுதான் மாத்தி வைப்பான். அவன்கூடச் சண்டை போடாதிய. கடையத் திரும்பப் படிங்க" என்பார்கள். இருபத்து மூன்று பேர் உரிமம் வாங்கினார்கள். இருவர் பயிற்சியை இடையில் விட்டுவிட்டார்கள். அதையும் சொல்ல வேண்டும்.

கடைசி வருடத்தில் இருதயம் பலவீனப்பட்டு அக்கா படுக்கையில் இருந்தார்கள். தன்னைப் பற்றிக் கவலையில்லை. கவலையெல்லாம் கடையைப் பற்றித்தான். உரிமம் அக்கா பெயரில் இருந்தது. அக்கா காலத்துக்குள் மாற்றாவிட்டால் இடம் பறிபோகும். வேம்பாரிலிருந்து வந்த அந்தோணியம்மாள் இரண்டு வருடமாகக் கடையில் அக்காவோடு இருந்தவர். வயது நாற்பத்து நான்கு. உப்பளத்தில் வேலை பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை போனவர். அவர் பெயருக்கு உரிமம் மாற வேண்டும். புதிய அதிகாரிக்கோ சந்தேகம். "ஒத்தையில எப்படி சமாளிப்பாங்க சார்?" என்று என்னிடம் இரண்டு முறை கேட்டுவிட்டார்.

"நீ போயி, ஆபீசர் முன்னால கலைச்சுப் போடு" என்றார்கள் அக்கா.

"வேண்டாம்க்கா. அன்னைக்கு மாதிரி ஆயிட்டா?"

"அதுக்குத்தாம்ல சொல்லுதேன்."

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்று காலை அந்தோணியம்மாள் வெளியே நிற்க, நான் அதிகாரியிடம் விவரம் சொல்லிவிட்டு உள்ளே போனேன். வேர்வையைத் துடைத்துத் துடைத்து, நாலே நாலு பொருளை மாற்றிவிட்டு வெளியே வந்தேன். அந்தோணியம்மாள் ஐந்து தட்டையும் தொட்டு முடித்தார்.

"என்ன அண்ணாச்சி, கடையவே பொரட்டிருவியன்னு அக்கா சொன்னாங்க. அஞ்சுதான் மாத்தியிருக்கிய."

"நாலும்மா. எண்ணித்தான் மாத்துனேன்."

"அஞ்சு. சோப்பு, சீப்பு, தீப்பெட்டி, கடலை மிட்டாய். அஞ்சாவது இந்தா, ஒங்க கண்ணாடி. இது நம்ம கடைச் சரக்கு இல்லையே."

வேர்வை துடைக்கக் கழற்றிய மூக்குக் கண்ணாடியைப் பிஸ்கட் டப்பா மேல் வைத்திருக்கிறேன். முகத்தில் கண்ணாடி இல்லாததே எனக்குத் தெரியவில்லை. அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பதினொரு பொருள் கேட்டார். பதினொன்றும் சரி.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அக்கா இருமல் வரும்வரை சிரித்தார்கள். "கண்ணுள்ளவன் தொலைச்சான், கண்ணில்லாதவ எடுத்துக் கொடுத்தா. இதுக்கு மேல அந்த ஆபீசருக்கு என்னல காட்டணும்!" பதினாறாம் நாள் உரிமம் வந்தது. இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்கள். அந்தோணியம்மாளின் பெயர் இருந்த இடத்தில் தன் விரலை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். "சரி, போதும்" என்றார்கள். அதற்குப் பின் ஆறு நாள். வலி இல்லாமல், வீட்டிலேயே, எழுபத்தெட்டாம் வயதில் நிம்மதியாகப் போனார்கள். கடைசியில் மிகவும் வேதனைப்படுவார்களோ என்று நான் பயந்திருந்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

வீட்டுக்கே வந்து பார்த்த மருத்துவருக்கும், நாற்பது நாள் துணையிருந்த செவிலியருக்கும், ஜெபித்த போதகர் ஐயரவர்களுக்கும், சபையாருக்கும், பெட்டியைச் சுமந்த ஆறு சுமை தூக்கும் தோழர்களுக்கும், இருபத்து மூன்று கடைகளையும் அரை நாள் அடைத்துவிட்டு வந்த அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

துறைமுக வாசலில் கடை இன்றும் திறந்திருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஏதாவது வாங்குங்கள். ஒரு பொருளை எடுத்துப் பார்த்தால், தயவுசெய்து எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.